மத்தியஸ்த சபைக்குப் போன யூரோ

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். இலாப நட்டமும் சதவீதமும் என் பாடம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

என்னோடு உயர்தர வகுப்பில் படித்த ஒருவர் டவுனில் பாமசிக்கு மேல்மாடியில் வகுப்பு நடத்தினார். போனிலேயே டொலர், யூரோ எல்லாம் வாங்கி விற்றுச் சம்பாதிப்பது எப்படி என்ற வகுப்பு. சனிக்கிழமை பின்னேரம், இலவசம். ஏன் இலவசம் என்று நான் கேட்கவில்லை. என் மாணவர் ஒருவர் இப்படிக் கேட்காமல் விட்டிருந்தால் நான் ஏசியிருப்பேன்.

நாங்கள் இருப்பது தோட்டம் கொடுத்த வீட்டில். கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவர் ஓய்வு பெறும் நாளில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு துண்டுக் காணி வாங்க நினைத்து ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்தேன். காணிக்கு அது போதவில்லை. போதாத காசைப் போதும் என்றாக்கத்தான் அந்த மாடிப்படியில் ஏறினேன். கணவரிடம் சொல்லவில்லை. பெருகிய பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

வெளிநாட்டுத் தரகுக் கம்பனி ஒன்றில் வகுப்புக்காரரே எனக்குக் கணக்குத் திறந்து தந்தார். நான் பேங்க் கார்டில் காசு போட்டேன். சில மாதங்கள் கொஞ்சம் வென்றேன், கொஞ்சம் தோற்றேன். பிறகு ஒரு வாரம் யூரோ நான் நினைத்தபடியே ஏறியது. கம்பனி கடனாகச் சேர்த்ததையும் வைத்து விளையாடியதால் போட்டது இரண்டு மடங்கானது. இது போதும் என்று முழுவதையும் வெளியே எடுக்க விண்ணப்பித்தேன். என் வியாபாரம் ‘அசாதாரணமானது’ என்றும் அதனால் இலாபம் ரத்து என்றும் மறுநாள் மின்னஞ்சல் வந்தது. விளக்கம் கேட்டேன். கணக்கைப் பூட்டினார்கள். நான் போட்ட முதலும் உள்ளே.

அன்று பத்தாம் ஆண்டுக்குக் கூட்டுவட்டி. பாதிக் கணக்கில் சோக்கைக் கீழே வைத்துவிட்டேன். முன்வாங்கில் இருந்த மாணவி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். குடித்துவிட்டு மீதிக் கணக்கைச் செய்து முடித்தேன். விடை சரியாகத்தான் வந்தது.

பேங்கில் விசாரித்தேன். கார்ட் இலக்கத்தைக் கொடுத்ததும் நான், போனுக்கு வந்த இரகசிய இலக்கத்தை அடித்ததும் நான் என்றார்கள். இரண்டும் உண்மை. கம்பனியின் இணையப் பக்கத்தில் ஓர் ஐரோப்பிய நாட்டு அனுமதி இலக்கம் இருந்தது. அந்த நாட்டு அதிகாரிகளுக்கு எழுதினேன். இரண்டே நாளில் மிகவும் மரியாதையான பதில் வந்தது. அந்த இலக்கம் வேறொரு நிறுவனத்துடையது, என்னுடைய கம்பனியை அவர்களுக்குத் தெரியாது, எனவே உதவ முடியாததற்கு வருந்துகிறார்கள். கடைசியில் அவர்களுடைய சேவைக்கு நட்சத்திரம் போடச் சொன்னார்கள். ஐந்து போட்டேன். எனக்குப் பதில் எழுதியவர்கள் அவர்கள் மட்டுந்தான்.

பிறகு கேகாலையில் ஒரு லோயரிடம் போனேன். கணக்குத் திறந்தபோது ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். நாற்பத்தொரு பக்கம்.

“இத வாசிச்சிங்களா, டீச்சர்?”

“இல்லங்க.”

“யாரும் வாசிக்கிறதில்ல. அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறாங்க.”

முப்பத்தெட்டாம் பக்கத்தைக் காட்டினார். பிணக்கு வந்தால் ஏதோ ஒரு தீவு நாட்டின் நீதிமன்றத்தில்தான் பேச வேண்டுமாம். அங்கே போய்வர டிக்கெட்டுக்கே என் முதல் போதாது.

“இங்க பொலிஸ்ல ஒரு என்ட்ரி போட்டா?”

“போடலாம். ஆனா இந்த மாதிரி வேலைக்கு இங்கேருந்து வெளிநாட்டுக்குக் காசு அனுப்ப அனுமதி இல்ல. முதல்ல உங்களத்தான் கேப்பாங்க.”

அழுகை வந்தது. அவர் காற்றாடியின் வேகத்தைக் கூட்டிவைத்துவிட்டுக் கேட்டார். “உங்கள சேர்த்துவிட்டது யாரு? அவருக்குக் கமிஷன் போயிருக்குமே?”

அது எனக்குத் தோன்றவே இல்லை.

“கம்பனிய நம்மளால எட்ட முடியாது. அவர எட்டலாம். தொகை சின்னது, அதனால முதல்ல மத்தியஸ்த சபைக்குத்தான் போகணும். அங்க ரெண்டு பேரையும் இருத்திப் பேசித் தீர்ப்பாங்க, லோயர் தேவையில்ல.”

தன் கட்டணத்தை வாங்கிக்கொண்டார். அதற்கு ரசீதும் தந்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். “கடன் இன்னும் எத்தன வருஷம்?” என்றார். சொன்னேன். தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவியபின், “சபைக்கு நானும் வாரேன்” என்றார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சபை ஞாயிற்றுக்கிழமை ஒரு சிங்களப் பாடசாலையில் கூடியது. இரண்டாம் ஆண்டு வகுப்பறை என்பதால் கதிரைகள் எல்லாம் சின்னவை. கணவர் முழங்காலை நெஞ்சோடு ஒட்டி உட்கார்ந்தார். எங்களுக்கு முன்னால் பேசி முடித்தது, வேலி தாண்டிய பலாக்கிளை விவகாரம். மத்தியஸ்தர்கள் மூன்று பேர். தலைவர் சிங்களவர், ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர். அடுத்தவர் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா. மூன்றாமவர் மாவனல்லைப் பக்கத்து முஸ்லிம், பழைய போஸ்ட் மாஸ்டர், தமிழில் பேசினார்.

“டீச்சர், நீங்க யூரோ வாங்கினீங்களா?”

“வாங்கல சேர். ஏறும்னு காசு போட்டேன்.”

“ஏறிச்சா?”

“ஏறிச்சு.”

“அப்ப என்ன பிரச்சின?”

“ஏறினதுதான் பிரச்சின.”

அவர் அதைச் சிங்களத்தில் தலைவரிடம் சொன்னார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வகுப்புக்காரர் தானும் ஏமாந்தவர்தான் என்றார். அதில் பொய் இல்லை, அவருடைய கணக்கையும் பூட்டியிருந்தார்கள். கமிஷன் கிடைத்ததா என்று போஸ்ட் மாஸ்டர் கேட்டார். டீச்சர் போனில் வாங்க, விற்கப் பட்டனை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் தனக்குக் கொஞ்சம் வரும் என்றார் வகுப்புக்காரர். கடைக்கார அம்மா சிங்களத்தில் கேட்டார்: இவ ஜெயிச்சாலும் உனக்கு வரும், தோத்தாலும் வரும், அப்படித்தானே?

“ஓவ், நோனா” என்று ஒப்புக்கொண்டார்.

“இத வகுப்புல சொன்னியா?”

இல்லை என்றார். தலைவர் அப்போதுதான் பேனாவை எடுத்தார்.

ஒரு மணி நேரத்தில் இணக்கம் வந்தது. என்னால் கிடைத்த கமிஷனை ஆறு தவணையில் திருப்பித் தர வேண்டும், வகுப்பை நிறுத்த வேண்டும். இருவரும் கையெழுத்திட்டோம். வெளியே வந்ததும் அவர், “மன்னிச்சுக்கங்க” என்றார். பஸ் வந்துவிட்டது, நாங்கள் ஏறிக்கொண்டோம்.

ஆறு தவணையும் வந்தது, இரண்டு மட்டும் பிந்தி. நான் இழந்ததில் அது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி தீவில் இருக்கிறது. காணி வாங்கவில்லை. அந்த வகுப்பில் இருந்த இரண்டு பேர் விஷயம் கேள்விப்பட்டு என்னிடம் வந்தார்கள். என்னென்ன கடதாசி வேண்டும் என்று இருவருக்கும் எழுதிக் கொடுத்தேன். ஒருவர் சபைக்குப் போனார். மற்றவர், இன்னும் கொஞ்சம் காசு போட்டு, இழந்ததைப் பிடித்துவிட்டு அப்புறம் முறைப்பாடு செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.