இடது கையில் இரண்டு ஊசி

பதினோரு ஆண்டுகளில் மூன்று அரசிகளுக்கு உடை உடுத்திவிட்டவள் சீமாட்டி தாமசின் வெரல். முதல் அரசி காய்ச்சலில் போனாள். இரண்டாமவளின் தலையை எட்டு மாதங்களுக்கு முன் வெட்டினார்கள். மூன்றாமவள் வந்து ஆறு வாரம்.

கிரீனிச் அரண்மனையில் வெல்வெட் வீணாகாது. வெட்டுண்டவளின் பச்சை அங்கியைத் தையல்காரர் பிரித்து, இடுப்பைச் சுருக்கிப் புது அரசிக்குத் தைத்திருந்தார். சில காலைகளில் யாரோ பின்னால் நின்று கை நீட்டுவதுபோலத் தாமசினுக்குத் தோன்றும். இன்று அப்படித் தோன்றவில்லை. நிம்மதியாகக் குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு, அரசி உடுத்தியிருந்த அந்தப் பச்சை அங்கியின் கையைப் பொருத்தினாள்.

"மெதுவாடி! அது ராணியம்மா கை, அடுப்புக்குப் போற வாத்து இல்ல," என்று தோழி ஜோகோசா சிரித்தாள்.

அரசி சிரிக்கவில்லை. "இடது பக்கம் மட்டும் லேஸ் விரல் வரைக்கும் தொங்குதே, ஏன்?"

தாமசின் குனிந்து பார்த்தாள். இரண்டு ஊசி அதிகம். அவள் விரல்கள் பழைய இடத்தில் தாமாகவே செருகியிருந்தன.

"எதை மறைச்சீங்க, சீமாட்டி?"

"தழும்பை, ராணியம்மா. மெழுகுவர்த்தி சாஞ்சு சுட்டது. முன்னாடி இருந்தவங்களுக்கு."

ஜோகோசா சன்னல் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

"அவங்க ஒரு மணி நேரம் கதவைப் பூட்டியிருந்தாங்கன்னு விசாரணையில சொன்னது நீங்கதானே? உள்ள எவனோ இருந்தான்னு அதுலதான அவங்க தலை போச்சு?"

"ஆமா."

"உள்ள யாரு இருந்தா?"

இந்தக் கேள்வியை யாரும் இதுவரை கேட்டதில்லை. தாமசின் இந்த எட்டு மாதமும் ரொட்டியில் வெண்ணெய் தொட்டதில்லை.

"நான்தான். காயத்துக்கு வெண்ணெய் தடவிக்கிட்டிருந்தேன். காயம் மன்னர் கண்ணுல படக் கூடாதுன்னு பூட்டச் சொன்னாங்க."

"அதை ஏன் சொல்லல?"

"என்னையும் சேர்த்துப் பிடிப்பாங்கன்னு பயந்துட்டேன்."

அரசி அந்த இரண்டு ஊசிகளையும் தானே பிடுங்கித் தட்டில் போட்டாள். அங்கியைக் கழற்றச் சொன்னாள். தாங்கள் உடுத்தியதைத் தோழிகளுக்குக் கொடுப்பது அரசிகளின் வழக்கம். வாங்கியவள் உடுத்தாவிட்டால் அது அவமதிப்பு.

"இது உனக்கு. விருந்தன்னிக்கு எல்லாரும் பார்க்க இதை உடுத்திட்டு என் பின்னால நில்லு. இடது கைய வழக்கம்போல மறைச்சுக்க."

விருந்து ஞாயிற்றுக்கிழமை. இடுப்பை அகலமாக்கத் தையல்காரர் அன்று மதியமே வந்து தாமசினுக்கு அளவு எடுத்துக்கொண்டு போனார்.