சூரியன் பக்கம் தெரிந்த மேடு

தெருவில் அவளுக்கு 'இருட்டக்கா' என்றே பெயர். "என் பொண்டாட்டி இருண்ட பொருளைத் தேடுறா" என்று வீட்டுக்காரர் பெருமையடித்துக்கொண்டதில் ஒட்டிய பெயர். அவர் பேருந்து ஓட்டுகிறவர். வாய் சும்மா இருக்காது.

ஆழ்கடலில் நிறுத்திய கம்பிகளில் கோத்திருக்கும் கண்ணாடி உருண்டைகள், எதையும் துளைத்துப் போகும் நியூட்ரினோ என்ற நுண்துகள் வந்து மோதினால் எழும் மினுக்கைப் பிடிக்கும். அண்டமெங்கும் கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்திருப்பதாகச் சொல்லப்படும் இருண்ட பொருளின் துகள்கள் சூரியனுக்குள் சிக்கி ஒன்றையொன்று அழித்துக்கொண்டால், அங்கிருந்து தப்பி வரக்கூடியது நியூட்ரினோ மட்டும்தான். சூரியன் பக்கமிருந்து வழக்கத்தைவிடக் கூடுதலாக வருகிறதா என்று பார்ப்பதே அவள் வேலை.

"கெடைச்சுதாக்கா?" என்பான் தம்பி, வரும்போதெல்லாம்.

"இன்னும் இல்லடா."

"இருட்டுல தேடினா எப்படி? லைட்டப் போட்டுத் தேடு!"

ஆசை கண்ணை மறைக்கக்கூடாதென்று, கணக்குமுறை முடிவாகும்வரை சூரியத் திசைத் தகவலை மூடியே வைத்திருந்தார்கள். திறந்த அன்று திரையில் தெரிந்த வரைபடத்தில் சின்னதாக ஒரு மேடு. கூடுதல்! சிரித்தே பார்த்திராத குழுத்தலைவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அவள் போனில் சொன்ன கையோடு வீட்டுக்காரர் பேருந்து முழுக்க அறிவித்துவிட்டார், பயணிகள் கைதட்டினார்களாம்.

குழு கேக் வெட்டியது. அவளுக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. மேட்டைப் பிரித்துப் பார்த்தாள். கூடுதலாகத் தெரிந்தவை எல்லாம் சூரியன் அடிவானத்தை ஒட்டியிருந்த வேளைகளில் வந்தவை. தோண்டத் தோண்ட விஷயம் வெளிவந்தது: ஒரு கம்பியின் கடிகாரம் துளி பிந்தி ஓடியிருக்கிறது. மேலே காற்றிலிருந்து சாய்வாக இறங்கிய சாதாரணத் துகள்கள், நியூட்ரினோவைப்போலப் பூமியைத் துளைத்துக் கீழிருந்து வந்தவையாகத் தெரிந்திருக்கின்றன.

"நிச்சயமாவா?" என்றார் தலைவர்.

"நிச்சயம் சார். இது நம்ம கடிகாரம் பண்ணின வேலை."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "வெளியில சொல்றதுக்குள்ள பிடிச்சியே, நல்லவேளை. மானம் தப்பிச்சுது."

மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.

"இப்ப பஸ்ல நான் என்னத்தச் சொல்றது?" என்று தலையில் கைவைத்தார் வீட்டுக்காரர்.

"இல்லன்னு சொல்லுங்க. அத உறுதியா சொல்றதுக்கும் ஆள் வேணும்ல?"

அவர் முழித்த முழியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடிகாரத்தைத் திருத்திக் கணக்கிட்டதும் மேடு மட்டமானது. ஆனாலும், தேடிய அளவுக்கு இல்லை என்று உறுதியானதால், இருண்ட பொருள் ஒளிந்திருக்கக்கூடிய இடம் முன்னைவிடச் சுருங்கியிருந்தது. கட்டுரை அவள் பெயரை முதலில் போட்டு வெளிவந்தது.

அடுத்து புதுக் கம்பிகள் கடலில் இறங்கின. கடிகாரங்களைச் சரிபார்க்கும் பொறுப்பை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.