முப்பத்தோராவது கட்டடம்

ஸ்கூட்டரில் போகும் வழியில் தென்படும் ஆளில்லாக் கட்டடங்களை மூன்று வருடமாகப் படம் எடுத்து வருகிறேன், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். மற்ற நாட்களில் ஒரு கட்டுமான அலுவலகத்தில் பொறியாளர் வேலை. கைப்பேசியில் ஒரு பட்டியல் உண்டு: எண், இடம், கூரை, சுவரின் நிலை, உள்ளே போகலாமா. மார்த்தாண்டம் சாலையில் மூடிக்கிடக்கும் பெட்ரோல் பங்க், மயிலாடிக்கு அருகே கூரை போன ஒரு கொட்டகை என்று அது வளர்ந்தது.

கைவிடப்பட்டது என்று முடிவு செய்ய ஐந்து அடையாளங்கள் வைத்திருந்தேன். மின்மீட்டர் இல்லாமை, அடைத்த ஜன்னல், முழங்கால் உயரப் புல், மறைந்துபோன நடைபாதை, பூசாத சுவரில் பாசி. மூன்று பொருந்தினால் போதும்.

முப்பத்தோராவது, புதுக்கடையைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த வீடு. ஒரு தளம் முடிந்திருந்தது. மாடிக்கான கம்பிகள் தூண்களின் மேல் நீட்டிக்கொண்டிருந்தன. ஐந்தும் பொருந்தின. எட்டுப் படங்கள் எடுத்து, ஒன்றை என் இணையப் பக்கத்தில் போட்டு, ‘கைவிடப்பட்ட வீடு, புதுக்கடை அருகே’ என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்து ஒரு பெண்ணிடமிருந்து குரல் செய்தி வந்தது. வீடு அவருடையது. கணவர் சவூதியில் இருக்கிறார். அங்கே அவருடன் ஒரே அறையில் தங்கியிருப்பவர் என் படத்தை அவரிடம் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு கணவர் அழைக்கவில்லை. இவர் அழைத்தாலும் எடுக்கவில்லை. சனிக்கிழமை புதுக்கடை வீட்டில் இருப்பதாகவும், வந்து பார்த்துவிட்டுப் போகும்படியும் சொன்னார். குரலில் கோபம் இல்லை.

படத்தை நீக்கினேன். சனிக்கிழமை போனேன்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அரிவாளால் புல்லறுத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன், அதை அவர் பொருட்படுத்தவில்லை. எதை வைத்து அப்படி எழுதினேன் என்று கேட்டார். ஐந்தையும் சொன்னேன்.

“ஆறாவது ஒண்ணு உண்டு மக்ளே. பக்கத்து வீட்டுல கேக்கணும்.”

ஜன்னல்களைக் கல் வைத்து அடைத்தது அவர்தான், குடிக்க வருகிறவர்கள் உள்ளே நுழையாமல் இருக்க. வாடகை வீட்டிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போவார். இந்த மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து ஆறு வாரம் காலில் கட்டு. புல் வளர்ந்தது அப்போதுதான். தூரத்தில் இருக்கும் மனிதர் கவலைப்படுவாரென்று காலைப் பற்றிக் கணவரிடம் சொல்லவில்லை. வீட்டை இவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்று இப்போது கணவர் நம்புகிறார்.

“உன் பக்கத்துல இஞ்சினியருன்னு போட்டிருக்கியே. படிச்ச பிள்ள சொன்னா அவிய நம்புவாவ. நான் சொன்னா, சும்மா சொல்லுகான்னு நெனைப்பாவ.”

மொட்டைமாடிக்கு ஏறினேன், அவரும் பின்னால் வந்தார். தூண்களின் மேல் நீட்டியிருந்த கம்பிகள் எல்லாவற்றிலும் சிமெண்ட் பால் பூசியிருந்தது. துருப்பிடிக்காமலிருக்கச் செய்வது அது. பூச்சு ஒரு மாதத்துக்கு மேல் பழையதல்ல. நுனிகளில் பிளாஸ்டிக் சாக்கைக் கட்டியிருந்தார்கள். ஒரு கம்பியைச் சாவியால் சுரண்டினேன், துரு இல்லை. பிறகு கைப்பேசியில் என் பழைய படத்தைப் பெரிதாக்கினேன். சாம்பல் நிறப் பூச்சு அதிலும் தெளிவாகத் தெரிந்தது. கைவிட்ட வீட்டின் கம்பிக்கு யாரும் சிமெண்ட் பால் அடிக்க மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் நான் படித்த பாடம் அது.

யார் பூசியது என்று கேட்டேன்.

“நான்தான். கட்டு அவுத்ததும் மொதல்ல இதுதான். புல்லு எங்க போவும்?”

அங்கேயே உட்கார்ந்து, அலுவலகத்துக்கு எழுதுவதைப் போல அவர் கணவருக்கு ஓர் அறிக்கை எழுதினேன். தூண்கள் ஒன்பது. கம்பிகளில் துரு இல்லை. கடைசிப் பூச்சு ஒரு மாதத்துக்குள். கைவிடப்பட்டது என்று நான் எழுதியது தவறு. பழைய படத்தையும் புதிய படத்தையும் இணைத்தேன். புல்லுக்குக் காரணம் எழுதாவிட்டால் அறிக்கை முழுமையாகாது. காலைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன்.

“எழுது.”

அவர் கைப்பேசியிலிருந்தே அனுப்பினோம். கால் மணி நேரத்தில் கணவரிடமிருந்து அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் நீட்டினார்.

“மேல மாடி எடுக்கலாமா, மேடம்?”

அஸ்திவாரத்தை ஒருமுறை சோதிக்க வேண்டும் என்றேன். கம்பியில் குறை எதுவும் இல்லை, அக்கா நன்றாகப் பார்த்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அவர் அடுத்துக் கேட்டார், “அவ நிக்காளா? காலு எப்பிடி இருக்கு?”

அக்கா கைப்பேசியை வாங்கி, ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, மொட்டைமாடியின் மறுகோடிக்குப் போனார். நடை இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. நான் கீழே இறங்கினேன். முற்றத்தில் பாதிப் புல் அறுபடாமல் நின்றது.