பிறந்த ஊர்: பொலிவியா

சரியாகச் செய்த வேலைக்கு ஒருமுறை தவறு என்று எரர் போட்டிருக்கிறேன். இத்தனை வருட வேலையில் என்னை இன்னும் விடாதது அது ஒன்றுதான்.

தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு டேட்டா கன்வெர்ஷன் கம்பெனியில் க்யூ.சி. பார்த்தேன். வெளிநாட்டு ஆவணக் காப்பகங்கள் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து அனுப்பும். ஆபரேட்டர்கள் அதைப் பார்த்து டைப் அடித்து, ஆள் பெயர், ஊர், நாடு ஒவ்வொன்றுக்கும் டேக் என்ற அடையாளக் குறி போடுவார்கள். எல்லாவற்றுக்கும் ஸ்பெக் என்று ஒரு விதிப்பட்டியல் உண்டு. வேலை அதன்படி இருக்கிறதா என்று சரிபார்ப்பது என் பொறுப்பு.

1. கடல் போன நாடு

பொலிவியாவிலிருந்து ஒரு ப்ராஜெக்ட் வந்தது. எங்களில் யாருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. ஆனாலும் சில மாதத்தில் சில சொற்கள் ஒட்டிக்கொண்டன. ‘மார்’ என்றால் கடல். அது பக்கத்துக்குப் பக்கம் வந்தது. ஏனென்று சாப்பாட்டு வேளையில் தேடிப் படித்தேன்.

பொலிவியாவுக்கு ஒரு காலத்தில் பசிபிக் கடற்கரை இருந்தது. கரையை ஒட்டிய பாலைவனத்தில் உரத்துக்கும் வெடிமருந்துக்கும் ஆகிற உப்பு கிடைத்தது. அதையொட்டி மூண்ட போரில் அந்தக் கரை முழுவதும் சிலியிடம் போனது. நூறு வருடம் தாண்டியும் பொலிவியாவின் அரசியல் சட்டம் கடலை எங்கள் உரிமை என்கிறது. வருடத்தில் ஒரு நாள் கடலுக்காக ஊர்வலம் போகிறார்கள். கடற்படையும் வைத்திருக்கிறார்கள், அது ஏரியில் பயிற்சி எடுக்கிறது.

பக்கத்து சீட் ஆபரேட்டர் சரசுவிடம் இதைச் சொன்னேன். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண். சுனாமிக்குப் பிறகு அவர்களுக்கு உள்ளே தள்ளி அடுக்குமாடியில் வீடு கொடுத்திருந்தார்கள்.

“ஏரில கப்பலா?” என்று சிரித்தாள். பிறகு, “எங்கப்பா பஸ் ஏறித்தான்கா கடலுக்குப் போய்கினு கீறாரு” என்றாள்.

2. மனு

ஒரு நாள் சரசு என்னைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைக் காட்டினாள். “இதுல மார், மார்னு வருது. இன்னா எழுதிகீதுன்னு பாத்து சொல்லுக்கா.”

நெட் என் சிஸ்டத்தில்தான் உண்டு. மொழிபெயர்த்து வாசித்தேன். கரையிலிருந்து மலைநாட்டுக்குப் போன ஒரு விதவை அரசுக்கு எழுதிய மனு அது. அவள் நிலம் கேட்கவில்லை, உதவியும் கேட்கவில்லை. மகனுடைய பதிவில் பிறந்த ஊரைச் சிலி என்று எழுதிவிட்டார்கள். அவன் பிறந்தபோது அது பொலிவியா, அப்படியே எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தாள்.

 சரசு அந்த ஊருக்கு நாடு டேக்கில் பொலிவியா என்று போட்டாள்.

ஸ்பெக் வேறு மாதிரி. ஊர் இன்று எந்த நாட்டில் இருக்கிறதோ அதைத்தான் போட வேண்டும். மேனேஜரிடம் போனேன்.

“க்ளையன்ட்டுக்கு சந்தேகம் கேட்டு ஒரு க்வெரி அனுப்பலாமா சார்?”

“அனுப்பினா பதில் வர ரெண்டு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை டெலிவரி இருக்கு. ஸ்பெக்ல என்ன இருக்கோ அதப் பாருங்க மேடம்.”

எரர் போட்டேன். ஃபைலைத் திருப்பி அனுப்பினேன்.

“அந்தம்மா கேட்டதே அதானக்கா,” என்றாள் சரசு.

“தெரியும்மா. ஸ்பெக் அப்படி இருக்கு.”

சிலி என்று மாற்றிக் கொடுத்தாள். அந்த எரரால் அந்த மாத ரேட்டிங்கில் அவள் பெயர் கீழே இறங்கியது. சில வாரத்தில் வேலையை விட்டுப் போனாள்.

3. ரீவொர்க்

டெலிவரி போன பிறகு க்ளையன்ட்டோடு வீடியோ கால். காப்பகத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாள் பேசினார். குரலை உயர்த்தவில்லை. கரையோர ஊர்களை எல்லாம் எழுதியவர்கள் சொல்கிற நாட்டோடு டேக் செய்ய வேண்டும், ஸ்பெக் தயாரித்தபோது தங்களுக்கே தோன்றவில்லை, முன்பே யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்போம் என்றார். மேனேஜர் தலைகுனிந்து குறித்துக்கொண்டார். மேனேஜர் சொன்னதும் க்ளையன்ட்டைக் கேட்காமல் விட்டவள் நான்.

பேட்ச் முழுவதையும் திரும்பச் செய்தோம். மனு வந்தபோது நானே அந்த டேக்கை மாற்றினேன். பக்கத்து சீட்டில் சரசு இருந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு ஏங்கினது போல எதற்கும் ஏங்கியதில்லை.

கேளம்பாக்கத்தில் ஒரு துணிக்கடையில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஞாயிறு சர்ச் முடிந்ததும் பஸ் பிடித்துப் போனேன். நடந்ததைச் சொன்னேன். “நீ செஞ்சதுதான் சரி. அன்னைக்கே நான் உனக்காகக் கேட்டிருக்கணும்,” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்துவிட்டு, “அந்தம்மாவுக்கு மாத்திக் குடுத்தாங்களாக்கா?” என்று கேட்டாள்.

அந்த மனுவுக்கு அரசின் பதில் எங்களுக்கு வந்த காகிதங்களில் இல்லை. அதைத்தான் சொன்னேன்.

அந்தக் காப்பகம் இப்போது நெட்டில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு பல காலை வேளைகளில் அந்த விதவையின் பெயரைப் போட்டுத் தேடுகிறேன். மனு வருகிறது. பதில் இன்னும் கிடைக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். பக்கத்தில் எழுதியிருப்பதும் ஸ்பெக்கும் மோதினால், எரர் போடுவதற்கு முன் க்வெரி அனுப்புங்கள். டெலிவரி ரெண்டு நாள் நின்றால் நிற்கட்டும்.