இரண்டு மாத்திரை, ஒரு காது

வலி மேலே ஏறும்போதுதான் வந்தது. இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. மாத்திரை அப்படி ஏமாற்றியிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் ஈப்போ நகரில் அலுவலக வேலை பார்த்த நாங்கள் எட்டுப் பேர், மாதம் ஒருமுறை லுமுட் துறைமுகத்தில் படகேறி, முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலில் முக்குளிப்போம். படகில் ஒரு பிஸ்கட் டின் சுற்றி வரும். வாந்திக்கு, சளிக்கு, தலைவலிக்கு எல்லாம் அதில் இருக்கும். வங்கிக் குமாஸ்தா மருந்து தருவார். பள்ளி ஆசிரியர் அளவு சொல்வார். மருத்துவர் எவரும் இல்லை. அது யாருக்கும் குறையாகப் படவில்லை.

அன்று எனக்குச் சளி. இறங்கவில்லை என்றேன். இருவர் இருவராகத்தான் இறங்க வேண்டும், ஒருவன் தங்கினால் அவன் ஜோடியும் தங்க வேண்டும் என்பது விதி. உயிரைக் காக்க வைத்த விதி. நாங்கள் அதை மானத்தை வாங்கப் பயன்படுத்தினோம்.

"நீ உக்காந்தா நானும் உக்காரணும்லா மச்சான்," என்றான் என் ஜோடி மணியம். "ரெண்டு மாத்திரை போடு, மூக்கு தொறந்துரும்."

"அட்டையில ஒன்னுன்னுதான போட்டிருக்கு?"

"அது தரையில நடக்கறவனுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, இரண்டையும் விழுங்கினேன். பிறர் எழுதியதைச் சரிபார்ப்பது நாளிதழில் என் வேலை.

மூக்கு திறந்தது. ஆழத்தில் மருந்தின் வேகம் தணிந்து மறுபடி அடைத்துக்கொண்டது. மேலேறும்போது காதுக்குள் விரிந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. இடது காதில் ஏதோ கிழிந்தது, கடல் சுழன்றது. மணியம் என்னை இழுத்து வந்தான். டின்னில் காதுச் சொட்டு மருந்தும் இருந்தது. அதையும் விட்டுக்கொண்டேன்.

வீட்டிலும் அதே வைத்தியம். நான்காம் நாள் மனைவி சொன்னாள்: "செவுத்தப் புடிச்சிக்கிட்டு நடக்கிறீங்க. இன்னும் எந்த டாக்டரு வரணும், அந்த பேங்க்காரரா? கெளம்புங்க."

மருத்துவர் நெடுநேரம் பார்த்தார். "காதுக்குள்ள இருக்கிற சவ்வு ஆறிடும். சத்தத்தையும் உடம்போட சமநிலையையும் உணர்ற உட்காதும் அடிபட்டிருக்கு. அன்னைக்கே வந்திருந்தா ஏதாவது செஞ்சு பார்த்திருக்கலாம். யாரு இந்த மருந்தெல்லாம் குடுத்தது?"

"ஒரு வங்கிக் குமாஸ்தா."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

தலைசுற்றல் ஆறு வாரத்தில் நின்றது. சவ்வு ஆறியது. இடது காதில் கேட்கும் திறன் திரும்பவில்லை. பார்க்க வந்த மணியம் எங்கள் கூட்டம் கற்றுக்கொண்ட பாடத்தைச் சொன்னான்: "ஒத்த மாத்திரையோட நிறுத்தியிருக்கணும் மச்சான்."

சளியோடு படகில் உட்கார்ந்து இதைப் படிப்பவர் இருந்தால், உட்கார்ந்தே இருங்கள். உங்கள் ஜோடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளட்டும்.

ஒற்றைக் காதில் சத்தம் கேட்கும்; திசை கேட்காது. சாலையில் ஹார்ன் அடித்தால் அப்படியே நிற்கிறேன். வண்டி என்னைக் கடந்த பிறகுதான் அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரிகிறது.