வட்டாரத் தளபதிக்குச் சீனி கம்மி

என் தம்பி காக்கா கடையைப் புறக்கணித்த முதல் நாளே, அந்தக் கடையில் தேத்தண்ணி வாங்கி வர என்னை அனுப்பினான்.

"பையில கட்டி புங்குஸ் வாங்கிட்டு வா லா அக்கா. கூராங் மானிஸ், சீனி கம்மியா, நல்லா கட்டியா. எனக்குன்னு மட்டும் சொல்லிடாத."

காக்கா என்றால் அண்ணன். கடற்கரை ஊர்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், எங்கள் ஊரான கெலாங் பாத்தாவில் நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அந்த அண்ணன் ரொட்டி சானாயில் எதையோ கலந்து நம் பெண்களை மதம் மாற்றுகிறார் என்று தம்பியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் சொன்னதாம். பல் முளைத்த நாளிலிருந்து நான் அதைத் தின்கிறேன். மாறியது என் எடை மட்டும்தான்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனை ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. குழுவின் முகப்பில் ஒரு சிங்கம். என் தம்பி அதில் வட்டாரத் தளபதி. எல்லையில் இருக்கும் இரண்டாம் பாலம் தாண்டி, சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் அவன் ஓர் இயந்திரத்தின் பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பவன். மேலாளர் அவனை இயந்திரத்தின் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவாராம். மனைவி பிரிந்து போனதிலிருந்து வீட்டிலும் அவனுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. குழுவிலோ விடிந்தால் "சாப்டீங்களா தளபதி?" என்று ஒருவன் கேட்பான். சாப்பிட்டாயிற்று என்று தெரிந்ததும் யாரை வெறுக்க வேண்டும் என்று சொல்வான். எங்களில் யாருக்கும் இவ்வளவு ஒழுங்காக நலம் விசாரிக்கத் தெரியாது.

புறக்கணிப்பு தீவிரமானது. கடையில் ஆண்கள் கூட்டம் குறைந்து பெண்கள் கூட்டம் கூடியது. போராளிகளின் மனைவிமார், அக்காமார் என்று எல்லாரும் வரிசையில் நின்று, பிளாஸ்டிக் பையில் கட்டிய தேத்தண்ணியை முந்தானைக்குள் மறைத்து எடுத்துப்போனோம். பூப்பந்துத் திடலில் ஆண்கள் ரகசியக் கூட்டம் போட்டு, அதைக் குடித்தபடியே அந்தக் கடையை எப்படி ஒழிப்பது என்று பேசினார்கள்.

இதற்கு நடுவில் எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கம் தீவிரவாதத் தடுப்பு விளக்கக் கூட்டம் ஒன்றை நடத்தியது. பேச வந்தவர் திரையில் படம் காட்டினார். தனிமையில் இருப்பவரைக் கவனியுங்கள், தாடியைக் கவனியுங்கள், யாரோடும் சேராதவரைக் கவனியுங்கள் என்றார். மழமழவென்று சவரம் செய்த என் தம்பி எல்லாருக்கும் நாற்காலி போட்டான், மைக்கைச் சரி பண்ணினான், கடைசியில் குழுப்படமும் எடுத்துக் கொடுத்தான். இப்படி நாலு இளைஞர்கள் இருந்தால் போதும் என்று சங்கத் தலைவர் அவன் தோளைத் தட்டினார். அப்படி நாலு பேர் ஏற்கெனவே முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை துணி துவைக்கப் போட்டபோது தம்பியின் சட்டைப் பையில் கைப்பேசி இருந்தது. எடுத்த கையோடு திரையில் செய்தி வந்தது. 'நாளைக் காலை கடை. ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. கையில் ஏதாவது இருக்கட்டும்.'

"என்னடா இது?"

"யாரையும் அடிக்க மாட்டோம் கா. சும்மா பயமுறுத்தத்தான்."

"காக்கா தலையில பட்டா?"

அவன் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போனான். எனக்கு வந்த கோபத்தில் அழுகைதான் வந்தது. தூக்கி வளர்த்த பிள்ளை ஒரு மனிதரின் மண்டையை உடைத்துவிட்டு வந்து நின்றால், அவனுக்கு நான் எந்தக் கையால் சோறு போடுவேன்?

நேராகப் போலீசுக்குப் போய்ச் சொன்னேன். தம்பி பெயரையும் சேர்த்தே சொன்னேன். ரோந்துக் காரை அனுப்புவதாகச் சொன்னார்கள். பிறகு காக்காவிடம் போனேன்.

"நாளைக்கு ஒரு நாள் கடைய மூடிடுங்க காக்கா."

"ஞாயித்துக்கிழமையா? பெசஞ்சு வச்ச மாவை என்னம்மா பண்றது?" என்றார். மாவைத்தான் பார்த்தாரே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் நான் கடையின் குளிர்பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டேன். மோட்டார் சைக்கிள்கள் வந்தன. கண்ணாடியை இறக்கிவிட்ட ஹெல்மெட்டுகள் வரிசையாக உள்ளே நுழைந்தன. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து சுவரோரமாக ஒதுங்கினார்கள்.

தே ஆற்றிக்கொண்டிருந்த காக்கா நிமிர்ந்து பார்த்தார். பிறகு, சமையல்கட்டுப் பக்கம் திரும்பாமலே, ஒவ்வொரு ஹெல்மெட்டாகக் கை நீட்டி வழக்கம்போலக் குரல் கொடுத்தார்.

"தே ஓ கோசோங் ஒண்ணு, பால் சீனி இல்லாம! இவருக்கு இஞ்சி போட்ட ஹாலியா! அவருக்குக் கோப்பி ஓ, கட்டியா!" அப்புறம் அவர்களைப் பார்த்து, "உங்க வீட்டுலேருந்து வந்து வாங்கிட்டுப் போறாங்களே, அதேதானே?" என்று கேட்டார்.

மோட்டார் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லும் மனிதரிடம் முகமூடி போட்டுக்கொண்டு போனது எங்கள் ஊர்ப் போராளிகளின் புத்திசாலித்தனம். ஒரு ஹெல்மெட் இன்னொன்றைப் பார்த்தது. ஒருவன் மெல்ல நழுவினான், அவன் பின்னாலேயே இன்னொருவன். ஹாலியாக்காரன் உட்கார்ந்தே விட்டான். கண்ணாடியை ஏற்றாமல் குடிக்க முடியாது என்பதால் ஏற்றினான். சாலைக்கு எதிர்ப்பக்கம் ரோந்துக் கார் வந்து நின்றது.

என் தம்பி மட்டும் இரும்புக் கம்பியோடு அப்படியே நின்றான்.

அவனுக்கானதைக் காக்காவே கொண்டு வந்தார். தலைக்கு மேலே தூக்கி ஆற்றினாலும் ஒரு சொட்டு சிந்தாத கை அது. அன்றைக்கு நடுங்கியது. தே வழிந்து அவர் மணிக்கட்டைச் சுட்டது. நான் அதைப் பார்த்தேன். தம்பியும் பார்த்தான்.

"கூராங் மானிஸ்," என்று அவனிடம் நீட்டினார். "ரொம்பச் சூடு தம்பி. ரெண்டு கையாலயும் பிடிங்க."

தம்பி குனிந்து, சத்தம் வராமல், கம்பியை மேசைக்கு அடியில் வைத்தான்.