சந்திரவல்லி தொட்டுச் சொன்னால் ஏறலாம்

அரிவாளின் முதுகால் மரத்தில் மூன்று தட்டு. பிறகு இடக்கையை அடிமரத்தில் பதித்துக்கொண்டு நிற்பாள் சந்திரவல்லி. எறும்பு புறங்கைக்கு ஏறி வரும்வரை யாரும் மூச்சு விடக்கூடாது. வந்ததை உற்றுப் பார்ப்பாள். சந்தேகம் என்றால் கடிக்கவும் விடுவாள். கொப்பு கழிக்க வந்த ஆம்பிளைகள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, குறி கேட்க வந்தவர்கள்போல வாய்மூடி நிற்பார்கள்.

ஐம்பது வயது. விடியுமுன் போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி ஏலக்காட்டுக்கு வருகிறவள். பெயருக்குக் களையெடுக்கும் ஆள்தான். மழைக்கு முந்தி நிழல் மரங்களைக் கழிக்கிற நாட்களில் மட்டும், அவள் சொல்லாமல் ஒருத்தரும் மரத்தில் கால் வைப்பதில்லை.

அவளுக்கு மரத்து எறும்பு மூன்று சாதி. நிறமெல்லாம் அப்புறம்; எங்கே குடியிருக்கிறது என்பதுதான் முதலில். பச்சை இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுவது செவசெவன்னு இருக்கிற முசுறு. "கடிச்சுப் பிடுங்கும். ஆனா கொப்பு உசுரோட இருக்கும், ஏறு." கவட்டில் உருண்டையாக அடை கட்டுவது இன்னொன்று. "அது பாட்டுக்குக் கெடக்கும்." மூன்றாவது மெலிந்து நீண்டது, தலையும் பின்னுடம்பும் கறுப்பு, நடு மட்டும் சிவப்பு. செத்த கொப்பைக் குடைந்து உள்ளே குடியிருக்கும். அதற்கு அவள் வைத்த பெயர் பொக்கையன்.

போன வருடம் முத்துப்பிரியா என்ற கல்லூரிப் பெண் குப்பிகளோடு வந்தாள். பொக்கையனை லென்சில் வைத்து, இடுப்புக் கணுவை எண்ணி, நீளமாக ஒரு பெயர் சொன்னாள்.

"அந்தப் பேருல கொப்பு தாங்குமா தாங்காதான்னு இருக்கா ஆத்தா?"

இல்லை என்றாள் அந்தப் பெண்.

வம்புக்குக் கேட்ட கேள்வி இல்லை அது. எட்டு வருடத்துக்கு முன், மஞ்சு மூடிய ஒரு காலையில், புருஷன் தவசி ஏறவேண்டிய மரத்தை இவள்தான் பார்த்தாள். சிவப்பாகத் தெரிந்தது. "முசுறுதான், ஏறுங்க" என்றாள். கறுத்த தலையும் பின்னுடம்பும் நனைந்த பட்டையில் தெரியவில்லை. பாவி மனுஷன், நம்பி ஏறினான். நாற்பதடி. அவனோடு முறிந்து விழுந்த கொப்புக்குள்ளிருந்து பொக்கையன் சாரை சாரையாக வெளியே வந்தது. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கையைக் கொடுத்துப் பார்க்கிற வழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

இப்போது வேறு கொடுமை. ஏலத்துக்கு அடிக்கிற மருந்தில் எறும்பே அற்றுப்போய்விட்டது. சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய சந்தனவேம்பில் கை வைத்து அரைமணி நேரம் நின்றாள். ஒன்றுகூட வரவில்லை. ஏற வேண்டியவன் கூடப்பிறந்த தம்பி பால்ராஜ்.

"எறும்பே இல்லைல்ல, பெறகென்ன? வெரசா ஏறச் சொல்லு, சோலி கெடக்கு" என்றார் சூப்பர்வைசர் எட்வர்ட்.

"பொக்கையன் செத்துட்டா, அது கொடஞ்ச பொந்து அடைஞ்சு போயிருமாண்ணே? எனக்குத் தெரியலையே."

தெரியலை என்று அவள் சொல்லி அந்தக் காட்டில் யாரும் கேட்டதில்லை.

"விடுக்கா, நான் பாத்து ஏறிக்கிறேன்." பால்ராஜ் கயிற்றைச் சுற்றி வலது காலை மரத்தில் ஊன்றினான். இடது கால் தரையை விட்டு எழும்பியதும் சந்திரவல்லி குனிந்து கணுக்காலைப் பிடித்துவிட்டாள். எட்வர்ட் சத்தம் போட்டார். பால்ராஜ் உதறிப் பார்த்தான். அவள் சேற்றில் மண்டியிட்டு, அந்தக் காலை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.